குடுமிதப்பிப் பூ

முன்னொரு காலத்தில், அரசர் தும்மினால் அமைச்சர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் நாடு ஒன்று இருந்தது. அந்த அரசர் வேட்டைக்குப் போனபோது காட்டிலிருந்து ஒரு முட்செடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அதில் நீல நிறத்தில் ஒரே ஒரு பூ.

"இதன் பெயர் என்ன? பொருள் என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று அவையில் கேட்டார்.

விகடன் சடையாண்டி, "தெரியாது, மன்னா" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான்.

அவைப்புலவர் பரஞ்சோதியாருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தம் நீண்ட குடுமியை நீவிக்கொண்டு எழுந்தார். அந்தக் குடுமிக்குச் செய்த சேவையில் பாதியைத் தமிழுக்குச் செய்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும்.

"இது பூபாலசிந்தாமணி, மன்னா! மன்னருள் மணி என்று பொருள். தங்கள் பாட்டனாரின் புகழை எண்ணி என் பாட்டனார் சூட்டிய பெயர். இதுகூட அறியாதவனுக்கு இந்த அவையில் என்ன வேலை?"

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சடையாண்டி, பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடு!"

செத்துப்போன பாட்டனாரைச் சாட்சிக்கு அழைக்கவா முடியும்? சடையாண்டி முட்செடியை உற்றுப் பார்த்தான். பிறகு கைகூப்பினான்.

"போகிறேன், மன்னா. ஆனால் பெயர் சூட்டியாயிற்று, இன்னும் காது குத்தவில்லையே! பெயர் வைத்தவர்தானே தாய்மாமன்? அவர் இல்லாவிட்டால் பேரன்தானே பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்?"

சடங்கென்றால் அரசருக்கு உயிர். "அடடா, முறைதானே!" என்றார்.

மேளம் முழங்கியது. முட்செடியை மண்ணோடு புலவர் மடியில் வைத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். காது குத்தும் பத்தர் ஊசியோடு செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"காது எதுங்க சாமி?"

"அது கிடக்கட்டும், முதலில் மொட்டை" என்றான் சடையாண்டி.

நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். "இதுக்கு முடியே இல்லீங்களே!"

"பிள்ளைக்கு இல்லாவிட்டால் என்ன? மாமனுக்கு இருக்கிறதே!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

கத்தி குடுமியைத் தொட்டதும் புலவர் செடியோடு துள்ளி எழுந்தார். "பெயர் பொய், மன்னா! பாட்டனார் சூட்டவில்லை! எனக்குப் பாட்டனாரே இல்லை!"

"பாட்டனாரே இல்லையா!" அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "சடையாண்டி, நீ இங்கேயே இரு. இந்தப் பூவுக்கு நானே பெயர் வைக்கிறேன். குடுமிதப்பி!"

"அப்படியானால் இனித் தாய்மாமன் தாங்கள்தானே, மன்னா?" என்று சடையாண்டி நாவிதரைப் பார்த்தான்.

அரசர் சட்டென்று இரண்டு கைகளாலும் மகுடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே முத்துமாலையைக் கழற்றி, "சீர் மட்டும் செய்துவிடுகிறேன்!" என்று நீட்டினார்.

பூவுக்குக் கழுத்து இல்லாததால் அதைச் சடையாண்டியே போட்டுக்கொண்டான்.