தாய்மாமன் மணை

ஒரு காலத்தில் ஆற்றுக்கு இந்தக் கரையில் கடம்பவரை என்ற நாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? பாதி நேரம்தான் ஆண்டான். மீதி நேரம் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கரை ராஜா மழவராயன் வேறு யாருமில்லை, இவனுடைய தங்கை பூங்கோதையின் புருஷன்தான். அங்கே கோட்டை வாசல் எத்தனை முழம், பட்டத்து யானையின் தந்தம் எத்தனை சாண் என்று ஒற்றர்கள் கயிற்றோடு போய் அளந்து வருவார்கள். அதைவிட ஒரு பிடியாவது கூடுதலாக இங்கே செய்தால்தான் ராஜாவுக்குச் சோறு இறங்கும். இந்த அளவுகளைச் சபையில் எடுத்துச் சொல்கிறவர் சேந்தபிரான். ராஜாவுக்கு வயிறு எரிந்தால் அதில் குளிர்காய்கிற மனிதர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு ஒரு கண்.

பூங்கோதைக்குப் பெண் பிறந்தது. செங்கமலம் என்று பெயர் வைத்தார்கள். காதுகுத்துக்கு நாள் குறித்து அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். ராஜா வீடானாலும் குடியானவன் வீடானாலும் அதுதான் அங்கே வழக்கம். செண்டலங்காரனும் ஆசையாகத்தான் கிளம்பினான். ஐம்பது சீர்த்தட்டு தயாராக இருந்தது.

சேந்தபிரான் பக்கத்தில் வந்தார். "அரசே, குழந்தையின் அத்தை வீட்டில் அறுபது தட்டு கொண்டுவருகிறார்களாம். ஐம்பதோடு போய் நின்றால் சிரிக்கமாட்டார்களா?"

"அப்படியா? அடுத்த தையில் எழுபதோடு போகலாம்" என்றான் ராஜா.

அடுத்த தையில் அங்கே எண்பது என்று சேதி வந்தது. அதற்கடுத்த தையில் நூறு. தட்டு ஏறிக்கொண்டே போனது, ராஜா வாசற்படி இறங்கவே இல்லை. பூங்கோதையும் பிடிவாதக்காரி. அண்ணன் மடியில்தான் குத்துவேன் என்றுவிட்டாள். குழந்தை நடந்தது, ஓடியது, பாவாடை கட்டியது. காது மட்டும் மூளியாகவே இருந்தது.

அமைச்சர் அம்பலத்தாடி வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தார். "தட்டையா அரசே அங்கே கேட்கிறார்கள்?"

ஒருநாள் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மழவராயனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறதென்று காட்டும் பார்ப்போம்! அன்றைக்கு நிமிர்ந்து போகிறேன். வருகிற பௌர்ணமிக்குள் காட்டாவிட்டால், முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சேந்தபிரானிடம் கொடுத்துவிடும்."

சேந்தபிரான் அப்போதே விரலை நீவிக்கொண்டார்.

சில நாள் கழித்து அமைச்சர் தொங்கிய முகத்தோடு சபைக்கு வந்தார். "தோற்றேன் அரசே. தேடப்போன இடத்தில் உங்களிடம் இல்லாத இன்னொன்றுதான் கண்ணில் பட்டது. மழவராயர் அரண்மனையில் ஓர் ஆசனம் இருக்கிறது. அவரே அதில் உட்காரக்கூடாதாம். தினமும் துடைத்துப் பட்டு போர்த்தி வைத்திருக்கிறார்கள்."

ராஜா எழுந்தே விட்டான். "ராஜாவே உட்காரக்கூடாத ஆசனமா! எத்தனை முழம்? ஒற்றரை அனுப்பும்!"

"அது வீட்டுக்குள் இருக்கிறது. உறவுக்காரர்தான் போக முடியும்."

"நானே போகிறேன். எடும் கயிற்றை!"

தட்டு இல்லை, மேளதாளம் இல்லை, வயிற்றெரிச்சல் ஒன்றுதான் சீர். அமைச்சரும் சேந்தபிரானும் கூட ஏற, ஓடம் அக்கரை போய்ச் சேர்ந்தது.

கூடத்தில் பட்டை விலக்கிப் பார்த்தால், சாதாரணப் பலகை மணை. சேந்தபிரான் கயிற்றைப் பிடித்து அளந்தார். "அரசே, ஒரு முழம்கூட இல்லை! நம் சமையற்கட்டில் இதைவிடப் பெரியது இருக்கிறது."

மணைக்குப் பக்கத்தில் துடைக்கிற துணியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ராஜாவின் தோள் உயரம். காதில் ஒன்றுமில்லை.

"இது யாருடையதம்மா?" என்றான் ராஜா.

"எங்க மாமாவோடது. வருவாருன்னு அம்மா தினம் துடைச்சு வைக்கச் சொல்லும். நீங்க யாரு?"

ராஜா கயிற்றைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பேச்சுக்குரல் கேட்டு வந்த மழவராயன் தலைகுனிந்து நின்றான். "மச்சான், இந்த நாட்டில் நான் உட்கார முடியாத இடம் இது ஒன்றுதான். உங்கள் ஆட்கள் அளந்துவிட்டுப் போகும்போதெல்லாம் நானும் வாசலை உயர்த்திக்கொண்டுதான் இருந்தேன். நேரில் வந்து உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். ரோசம் விடவில்லை."

பூங்கோதை வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. "வந்துட்டியா அண்ணா" என்றாள், அவ்வளவுதான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ராஜாவுக்கு.

அமைச்சர் மெல்லச் சொன்னார். "தலைகீழாக நின்றாலும் மழவராயர் இந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் ஆக முடியாது அரசே. நீங்கள் ஒருவர்தான். கூட வைத்துப் பார்க்க இன்னொருவர் கிடையாது."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதா அமைச்சரே?"

"வருஷா வருஷம் சொன்னேன். ஆசனம் என்று சொன்ன பிறகுதான் உங்கள் காதில் ஏறியது."

ஆசாரியை அழைத்து வந்தார்கள். ராஜா மணையில் உட்கார்ந்தான். செங்கமலம் வெட்கப்பட்டுக்கொண்டே மடியில் அமர்ந்தாள். வளர்ந்த பெண், கால் தரையில் நீண்டு கிடந்தது, தலை மாமனின் முகத்தை மறைத்தது.

"மாமா, கனமா இருக்கேனா?"

"இல்லம்மா" என்றான். கைக்குழந்தையாக இவள் எவ்வளவு கனம் இருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். அது இனி எந்த ஒற்றனை அனுப்பினாலும் தெரியப்போவதில்லை. ஊசி ஏறியபோது அவள் அழவில்லை, அழுகிற வயசு போய்விட்டது. ராஜாதான் அழுதான். சீர் ஒன்றும் கொண்டுவராததால் தன் கடுக்கன் இரண்டையும் கழற்றி அவள் கையில் வைத்தான்.

அமைச்சர் மோதிரம் அமைச்சரிடமே இருந்தது. சேந்தபிரானுக்கும் ஒரு வேலை கிடைத்தது: தை பிறந்தால் பூங்கோதை வீட்டுக்குச் சீர்த்தட்டைத் தலையில் சுமந்து போக வேண்டும், எத்தனை தட்டு என்று எண்ணக்கூடாது.

ராஜா அதற்குப் பிறகு கடுக்கன் போடவே இல்லை. மூளிக்காது ராஜா என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அக்கரை ராஜா காதில் புது வைரம் மின்னுகிறது என்று ஒருநாள் யாரோ சபையில் ஆரம்பித்தார்கள்.

"மின்னட்டும்" என்றான் செண்டலங்காரன். "என் மருமகள் எப்படி இருக்கிறாள், அதைச் சொல்லும்."