இறுக்கிப் பூட்டிய சப்பாத்து

சுவிஸ் நாட்டு மலையொன்றில் பனிச்சறுக்குப் பழக்குபவன் நிரூஜன். ஒரு காலை அவனிடம் யோகமலர் வந்து நின்றாள். அவனுக்குத் தாய் வயது. பக்கத்தில் அவள் மகள் தர்சிகா.

“மாஸ்டர், எனக்கும் பழக்கிவிடுங்கோ.”

“மாஸ்டர் எண்டாதேங்கோ அன்ரி. நான் தர்சிகாவோட ஒண்டாப் படிச்சனான்.”

“படிப்பிக்கிற ஆள் மாஸ்டர்தான். அதில வயதென்ன வயது.”

தர்சிகா சிரித்தாள். “அம்மாவுக்குச் சறுக்கில ஆசை ஒண்டும் இல்லை. எனக்குக் கனடாவில வேலை கிடைச்சிருக்கு. அங்கயும் பனிதானே. பின்னால வந்து பிடிக்கப் பழகிறா.”

“போன வருசம் இதே மலையில விழுந்து கையை முறிச்சவள் நீ. அங்க விழுந்தா ஆர் தூக்கிறது?”

“அம்மா, ‘ஓம், போயிட்டு வா’ எண்டு ஒரு சொல்லுத்தானே கேக்கிறன்.”

யோகமலர் காதில் விழாததுபோல் குனிந்து சப்பாத்தை மாட்டினாள்.

“நீங்கள் சொல்லாமல் நான் போகமாட்டன். அது உங்களுக்குத் தெரியும்.” தர்சிகா மெல்லச் சொன்னாள். பிறகு தன் சறுக்குப் பலகைகளில் ஏறிச் சரிவில் இறங்கி, அடியில் போய் நின்றுகொண்டாள்.

யோகமலர் பல்லைக் கடித்துக்கொண்டு சப்பாத்தின் எல்லாக் கொளுக்கிகளையும் கடைசிப் பல்வரை இழுத்துப் பூட்டினாள். ஒன்றைப் பூட்டியபின் முந்தியதை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். வீட்டுக் கதவை அப்படித்தான் அவள் பூட்டுவது.

“நல்லூரானே!” என்று புறப்பட்டாள். பலகை தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போனது. விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள்.

“பலகை சொல்வழி கேக்குதில்லை மாஸ்டர்.”

“கால் என்ன சொல்லுது?”

“கால் இருக்கிறதே தெரியேல்லை. விறைச்சுப் போச்சு.”

நிரூஜன் பனியில் முழங்காலிட்டுச் சப்பாத்தைத் திறந்தான்.

“ஐயோ, என்ர காலை நீங்கள் ஏன் பிடிக்கிறீங்கள்?”

அவன் சொக்ஸைக் கழற்றினான். உள்ளே இன்னொரு சொக்ஸ். அதற்குள் இன்னொன்று.

“இதென்ன அன்ரி, வெங்காயம் உரிக்கிறமோ?”

“குளிருமெல்லே!”

“ரத்தம் ஓட இடமில்லாட்டித்தான் குளிரும்.”

மெல்லியது ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சப்பாத்தைத் திரும்ப மாட்டினான். மற்றக் காலுக்கும் அப்படியே. கொளுக்கிகளைத் தொடவில்லை.

“பூட்டேல்லையே?”

“இப்பிடியே ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

போனாள். சப்பாத்துக்குள் கால் நீந்தியது. முழங்காலை இடப்பக்கம் திருப்பினாள். கால் திரும்பியது, பலகை திரும்பவில்லை. தொப்பென்று பனியில் இருந்துவிட்டாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கால் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்! விட்டா இதுதான் நடக்கும். இதைத்தானே நானும் அவளுக்குச் சொல்லுறன்!”

நிரூஜன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். மறுபடி முழங்காலிட்டு, ஒவ்வொரு கொளுக்கியையும் ஒவ்வொரு விதமாய்ப் பூட்டினான். இரண்டு காலையும் முடிக்க நேரம் எடுத்தது. அவள் அவன் உச்சந்தலையில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

“போங்கோ அன்ரி.”

இந்த முறை முழங்கால் சாய்ந்த பக்கம் பலகை சாய்ந்தது. நல்லூர்க் கந்தனைக் கூப்பிடவும் மறந்து, மெல்ல மெல்ல வளைந்து வளைந்து இறங்கினாள். நிற்கத் தெரியாமல், அடியில் நின்ற மகளின் சட்டைக்கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா! நீங்களா திரும்பினீங்கள்!” தர்சிகாவின் கண் கலங்கியிருந்தது.

நிரூஜன் பின்னால் வந்து நின்றான். யோகமலர் சப்பாத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

“இறுக்கினாலும் பிழை, விட்டாலும் பிழை. நீங்கள் எப்பிடித்தான் பூட்டினீங்கள் மாஸ்டர்?”

“குதிக்காலைப் பிடிக்கவேணும் அன்ரி. விரலை விடவேணும்.”

யோகமலர் மகளின் சட்டைக்கையைப் பற்றியிருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.