அதிகாரி படித்த பாடம்

இருட்டியதும் பள்ளி விடுதியின் விருந்தினர் அறையில் வண்டு முரல்வது போல ஒரு சத்தம். ஆயா சலேத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு ஒரு பிள்ளை வரலாற்றில் தப்பாகப் பதில் சொன்னாலும் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவேன்" என்று மாலையில் மிரட்டிய கல்வி அதிகாரிதான், எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்து ஆடி ஆடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"பிளாசிப் போர், ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நாலு..."

"ஐம்பத்தேழுங்கய்யா," என்றாள் ஆயா. "அறுபத்து நாலு பக்சார் போர்."

அதிகாரி புத்தகத்தைத் தலையணைக்கடியில் செருகினார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"கைநாட்டுங்க. பிள்ளைங்க தினமும் கத்துறதைக் கேட்டதுதான். நாளைக்கு அதுங்க தப்பாச் சொன்னா மூடிடுவீங்களாய்யா?"

"சேச்சே! குழந்தைகள்தானே, தப்பு வரத்தான் செய்யும்."

"அப்ப இந்தக் கதவை மட்டும் மூடிக்கிட்டுப் படிங்க. நீங்க படிக்கிறது காதுல விழுந்தா, பிள்ளைங்களுக்குப் படிச்சதுகூட மறந்துடும்."

அதிகாரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.