ஏலே தங்கப்பழம்

தங்கப்பழம் சாருக்கு எதற்கும் பெயர் தெரிந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். தலை நரைக்க ஆரம்பித்த வயதில் டாக்டர் அமலியிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். விளையாட்டில் படும் காயங்களுக்கு வைத்தியம் பார்க்கிற அந்த டாக்டர் அவரைவிடச் சின்னவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஆஸ்பத்திரியில் வாத்தியார்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மனுஷன் வெறி பிடித்தமாதிரி படித்தார். எலும்பு மூட்டைக் கட்டியிருக்கிற நார் கிழிந்தால் அது சுளுக்கு. தசை கிழிந்தால் அது வேறு. அதையும் யாராவது சுளுக்கு என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. எலும்பு உடைந்தால் முறிவு, மூட்டை விட்டு நழுவினால் விலகல். வீட்டில் மனைவி தோள் வலிக்கிறது என்றால் போதும், எந்தத் தசை, எந்தப் பக்கம் என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். அந்த அம்மாள் அதற்குப் பயந்தே வலியை வெளியே சொல்வதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் எழுந்து நின்றார்.

"டாக்டர், எல்லா வார்த்தையும் மனப்பாடம் ஆயிட்டுது. களத்துல ஒருத்தன் விழுந்தா, இதுல எது முதல்ல ஞாபகத்துக்கு வரணும்?"

  அமலி அதற்குப் பதிலாக, அடுத்த ஞாயிறு மீன்பிடித் துறைமுகத்தில் முடிகிற நெடுந்தூர ஓட்டத்துக்குத் தன்னோடு உதவிக்கு வரச் சொன்னார்.

தங்கப்பழம் எப்படியும் போகத்தான் இருந்தார். அவருடைய மனைவியின் தம்பி ராஜவேல் அதில் ஓடினான். அவனை ஓட்டக்காரன் ஆக்கியதே இவர்தான். முந்தின வாரம் காய்ச்சலில் கிடந்தவனை, போன காய்ச்சலுக்கு என்ன பயம் என்று தைரியம் சொல்லி ஓட அனுப்பியதும் இவர்தான். ராஜவேல் மறுத்துப் பேச மாட்டான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பையன். அத்தான் நின்றால் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

துறைமுகத்துக்குப் போனால், அமலி முதல் வேலையாக மீன் ஏலக் கூடத்தில் பேசி ஒரு பெரிய நீலப் பெட்டியை வாங்கிப் போட்டிருந்தார். முழு ஆள் படுக்கலாம். சூரை மீன் போட்டு வைக்கிற பெட்டி. அதில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, உடைத்த ஐஸைக் கொட்டச் சொன்னார். தங்கப்பழத்துக்குக் குஷியாகிவிட்டது. பரிசு கொடுக்க வருகிறவர்களுக்கு வாங்கி வைத்திருந்த கலர் சோடா பாட்டில்களைக் கொண்டுபோய் அதில் மிதக்கவிட்டார். அமலி அவற்றை எடுத்துக் கீழே வைத்தார். இந்தம்மாவுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று இவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. முதலில் வந்தவர்கள் முடித்துவிட்டுப் போய் நிழலில் விழுந்தார்கள். ராஜவேலைக் காணோம்.

வந்தான். ஆனால் நேராக வரவில்லை, குறுக்கும் நெடுக்குமாக வந்தான். முடிவுக் கோடு கண்ணெதிரே இருக்க, திரும்பிப் படகுத்துறைப் பக்கம் நடந்தான். தங்கப்பழம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். அவன் வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டான்.

"ஏலே தங்கப்பழம், வழிய விடுல."

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இவரிடம் படித்தவர்கள். ஒருவன் சிரித்தேவிட்டான். தங்கப்பழத்துக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. குடித்திருக்கிறானா? மகன் ஓடுவதைப் பார்க்க வந்திருந்த மாமியார் முன்னாலேயே இந்தப் பேச்சா? அறைவதற்குக் கை ஓங்கிவிட்டார்.

"இவன் இப்படிப் பேசுறவனே இல்ல டாக்டர்!" என்று அந்தக் கோபத்திலேயே கத்தினார்.

அவ்வளவுதான். தூரத்தில் ஒருவனுக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அமலி, கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ராஜவேல் கால் மடங்கி விழுந்தான்.

தங்கப்பழத்தின் தலைக்குள் வார்த்தைகள் முட்டி மோதின. சர்க்கரை குறைந்திருக்குமோ? வலிப்போ? அதற்குள் யாரோ அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டார்கள். சூடு தாக்கி விழவைக்கிற ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது, அது வந்தால் தோல் காய்ந்திருக்கும் என்று இவர் எங்கேயோ படித்திருந்தார். இவனுக்கோ வேர்வை ஆறாக ஓடுகிறது. அதை டாக்டரிடம் சொல்லவும் சொன்னார். ஓடி வந்தவனுக்கு வேர்க்கத்தான் செய்யும் என்று அமலி சொல்லிவிட்டு, நாலு பேரை வேட்டியை விரித்து மறைப்பாகப் பிடிக்கச் சொன்னார். நீளமான ஒரு வெப்பமானியை, நெற்றியிலும் அக்குளிலும் அல்ல, பின்பக்கம் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். கூட்டம் வாயைப் பிளந்தது.

நூற்றி ஏழு.

"தூக்கிப் பெட்டியில போடுங்க."

ஒருவரும் அசையவில்லை. பெட்டியா, மீன் பெட்டியா என்று யாரோ கேட்டார்கள். அமலியே அவன் கால்களைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கை கால் வந்தது. நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்த உடம்பை, உடைந்த ஐஸ் மிதக்கிற தண்ணீரில் கழுத்துவரை இறக்கினார்கள்.  வேர்த்த உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டாலே ஜன்னி என்று சொல்லி வளர்த்த ஊர் அது.

மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பெட்டிக்குள் மகனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொதிக்கிற உடம்புல ஐஸா? எம் பிள்ளைய உசுரோட கொல்லுதாளே! மாப்ள, வெளிய எடுங்க. உங்க கால்ல விழுதேன், எடுங்க."

உண்மையிலேயே காலில் விழுந்தாள். ராஜவேலின் அக்குளுக்கடியில் துண்டைக் கொடுத்து, தலை முங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தங்கப்பழம்தான். ஒரு இழுப்பு இழுத்தால் வெளியே வந்துவிடுவான். கை இழுக்கத் தயாராகவும் ஆகிவிட்டது.

"தலையைப் பிடிங்க சார்," என்றார் அமலி. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் ஆம்புலன்ஸ் வந்தது. மாமியார் கும்பிட்டுக்கொண்டே அதை நோக்கி ஓடினாள். தங்கப்பழத்துக்கும் போன உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள்.

அமலி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப வேண்டாம். காத்திருங்க."

 ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கிற டாக்டரை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆஸ்பத்திரி தூரம், வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று வண்டியில் வந்தவர்கள் கேட்டார்கள். அதனால்தான் சூட்டை இங்கேயே இறக்குகிறேன் என்றார் அமலி. முதலில் சூடு இறங்க வேண்டும், வண்டி அதற்குப் பிறகுதான். இந்தச் சூட்டோடு போனால் போகிற வழியிலேயே மூளை வெந்துவிடும் என்று சொன்னார். வந்தவர்களில் மூத்தவர் வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். அப்புறம் தானும் ஐஸை அள்ளிப் போட ஆரம்பித்தார்.

தங்கப்பழம் பிடித்த பிடியை விடவில்லை. கை மரத்தது. மச்சினனின் உதடு நீலம் பாரித்து நடுங்கியது. இவன் போய்விட்டால் என் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்பது ஒன்றுதான் அவருக்குள் ஓடியது. படித்த வார்த்தை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

ராஜவேல் கண்ணைத் திறந்தான். மேலே குனிந்திருந்த முகத்தை உற்றுப் பார்த்தான். யாரென்று தேடுகிறமாதிரி இருந்தது. பிறகு சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தான்.

"அத்தான்... நீங்க எதுக்கு நனையிதீங்க?"

தங்கப்பழம் அத்தனை பேர் முன்னாலும் அழுதார். தன் மாணவர்கள் பார்க்கிறார்களே என்றெல்லாம் யோசிக்கவில்லை.

வெப்பமானி நூற்றி இரண்டைக் காட்டியதும், இனி எடுக்கலாம் என்றார் அமலி. துடைத்துப் போர்த்தி வண்டியில் ஏற்றினார்கள். என்மேல் மீன் நாற்றம் அடிக்குதே என்று ராஜவேல் கூச்சப்பட்டான். மாமியார் வண்டியில் ஏறுமுன் அமலியின் ஈரக் கைகளைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

வண்டி போன பிறகு தங்கப்பழம் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். கலர் பாட்டில்கள் வெயிலில் கிடந்தன.

"டாக்டர், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவன் விழுறதுக்கு முன்னாலேயே ஓடி வந்தீங்களே."

"நீங்கதானே சார் சொன்னீங்க."

"நான் ஹீட் ஸ்ட்ரோக் இல்லைன்னுல்ல சொன்னேன்?"

"அதுக்கு முன்னால."

தங்கப்பழம் யோசித்துப் பார்த்தார்.  அமலி பாதியில் விட்ட கட்டை முடிப்பதற்காகக் கிளம்பினார்.

"எனக்கு உங்க மச்சினனைத் தெரியாது சார். வாய்க்கொழுப்புன்னு நினைச்சு நான் அந்தப் பக்கம் திரும்பியிருப்பேன். 'இவன் இப்படிப் பேசுறவனே இல்ல'ன்னு நீங்க சொன்னீங்க. சூடு மூளைக்கு ஏறினா ஆள் குணம் மாறித்தான் பேசுவான். போன வாரம் என்கிட்ட கேட்டீங்களே, எது முதல்ல ஞாபகத்துக்கு வரணும்னு, அதுக்குப் பதில் அதுதான். கையை ஓங்கிக்கிட்டே சொன்னீங்க."