ஒண்ணு இங்க, ஒண்ணு பார்சல்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் குழம்பக் கூடாது.

குரு, அயனாவரத்து டீக்கடையில் டீ போடும் மீரான். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சீடர் வைத்திலிங்கம், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதியே காலம் தள்ளிய மனுஷன். மனைவி இறந்து ஐந்து மாதம். அன்றிலிருந்து சாயங்காலமானால் கடை பெஞ்சில் உட்கார்ந்து தெருவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று நோட்டு தீர்ந்துவிட்டது.

ஒருநாள் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"மாஸ்டர், தெருவ எப்படிப் பாக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தாங்க."

"நீங்கதான் ஒண்ணு விடாம எழுதறீங்களே சார்."

"எழுதறேன். தண்ணி லாரி நாலரைக்கு. பூக்காரம்மா அஞ்சுக்கு. எல்லாம் இருக்கு. அவ இல்லங்கறது மட்டும் எங்கயுமே இல்ல." மூடிய நோட்டை விரலால் தட்டினார். "நாப்பது வருஷம் இங்கயே இருந்தா. வாசலத் தாண்டி அதிகம் வந்ததில்ல. அவ போனதுல இந்தத் தெருவுக்கு இம்மியும் வித்தியாசம் இல்ல மாஸ்டர். வயித்தெரிச்சலா இருக்கு."

மீரான் பாய்லரைத் துடைத்தார்.

"தெருவ விடுங்க. ஒரு வாரம் என்னையப் பாருங்க."

பார்த்தார். மூன்றாம் நாள் நோட்டில், 'மாஸ்டருக்கு மறதி வந்துவிட்டது, பாவம்' என்று எழுதினார். மறுநாள் அதை அடித்துவிட்டு எழுந்து மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், பார்சல் கவர் கட்ட ஆணியில ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கீங்கள்ல? ஒண்ண உருவறீங்க. கொஞ்ச நேரம் கையில வச்சிட்டு நிக்கறீங்க. திரும்ப மாட்டிடறீங்க. யாரும் பார்சல் கேக்கல."

"யாருக்கு டீ போட்டதும் உருவறேன்?"

"எனக்குப் போட்டதும்."

"பதினஞ்சு வருஷமா இங்க வந்து என்ன சார் சொல்வீங்க?"

வைத்திலிங்கம் கையிலிருந்த நோட்டை மூடினார்.

"ஒண்ணு இங்க, ஒண்ணு பார்சல்."

"சக்கரை தூக்கலா, இஞ்சி கூடாது. நான் அவங்கள ஒருதடவகூடப் பாத்ததில்ல சார். வீடு போறதுக்குள்ள ஆறிடக் கூடாதுன்னு ரெண்டு கவர் போட்டுக் கட்டுவேன். அஞ்சு மாசமா கைகிட்ட சொல்லிப் பாக்கறேன். கேக்க மாட்டேங்குது."

சீடர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

வெகுநேரம் கழித்து வைத்திலிங்கம் நோட்டைத் திறந்தார்.

"இத நான் என்னன்னு எழுதறது மாஸ்டர்?"

"அது கிடக்கட்டும். அவங்க பேரச் சொல்லுங்க சார். இந்தக் கை யாரத் தேடுதுன்னு அதுக்கும் தெரியட்டும்."