உடையவரைக் கேட்காத ஏலம்

பல தலைமுறைகளுக்கு முன்னால் நீலமங்கலம் சீமையை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருடைய மந்திரி சந்தியாகு ஒரு கிறிஸ்தவர். ராஜா அவர் பேச்சை மதிப்பது பொக்கிஷதார் உத்தண்டராயருக்குக் கண்ணில் விழுந்த தூசியாய் உறுத்தியது.

ஒருநாள் உத்தண்டராயர் சபையில், "மகாராஜா, பெரிய ஏரியை ஏலம் விட்டால் பொக்கிஷம் நிரம்பும். கண்டவனும் மீன் பிடிக்கிறான், கோரை அறுக்கிறான்!" என்றார்.

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. அன்றே ஏரியைச் சுற்றிக் காவல் போட்டாயிற்று. கோரை அறுத்துப் பாய் முடைந்து பிள்ளைகளை வளர்த்த விதவை எஸ்தாக்கி சபைக்கே ஓடிவந்தாள்.

"மகாராஜா, எங்க வீட்டுல அடுப்பு எரியலை" என்று அழுதாள்.

சந்தியாகு எழுந்தார். "அரசே, ஏரி ஆண்டவருடையது. நாம் அதன் காரியஸ்தர்கள்தான். காரியஸ்தன் சொத்தை விற்கலாமா?"

"கேட்டீர்களா? ராஜாவையே வேலைக்காரர் என்கிறார்!" என்று ஏற்றிவிட்டார் உத்தண்டராயர்.

ராஜாவின் முகம் சிவந்தது. "ஏரி என்னுடையதல்ல என்று இப்போதே நிரூபியும். இல்லையேல் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டும்!"

"ஆகட்டும் அரசே. ஏரியை நானே ஏலம் எடுக்கிறேன். ஒரு சந்தேகம்தான். ஏரி வறண்டால் பொக்கிஷதார் நிரப்பித் தருவாரா?"

"அதெப்படி? மழை பெய்தால்தான் நிரம்பும்" என்றார் உத்தண்டராயர்.

"மழையை அனுப்புவது யார்?"

"கடவுள்."

"மீன் பெருகுவது?"

"அவர் செயல்."

"கோரை முளைப்பது?"

"அதுவுந்தான் ஐயா!" என்று எரிந்து விழுந்தார்.

"அரசே, சரக்கு முழுவதும் கடவுளுடையதாம். விலை பேசுவது மட்டும் பொக்கிஷதாராம். உடையவரைக் கேட்டாரா என்று விசாரியுங்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது. சிரித்த ராஜாவின் பார்வை எஸ்தாக்கி மேல் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"உடையவர் என்ன சொல்லியிருக்கிறார், மந்திரி?"

"வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை, நிலத்தையும் ஓய்ந்திருக்க விடு என்கிறது எங்கள் வேதம். ஏரிக்கும் அதுவே நியாயம்."

ஏலம் நின்றது. மீன் சினை வைக்கும் காலத்தில் யாரும் வலை வீசக்கூடாது, மற்ற காலத்தில் ஏழைகளுக்கே முதல் உரிமை என்று ராஜா ஆணையிட்டார். மந்திரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். உத்தண்டராயரிடம், "இதை ஊர் ஊராகத் தமுக்கடித்து நீரே சொல்லும்!" என்றார்.

தமுக்கடித்துத் தொண்டை வறண்ட உத்தண்டராயர் ஏரிக்கரையில் வந்து சாய்ந்தார். எஸ்தாக்கி கஞ்சியும் சுட்ட கெண்டையும் கொண்டுவந்து வைத்தாள். அவருக்குக் கை நீளவில்லை.

"என்னாலதானேம்மா உன் அடுப்பு அணைஞ்சது?"

"இன்னைக்கு எரியுதே ஐயா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சாப்பிடுங்க."

"இதுக்கு நான் என்ன தரணும்?"

"நன்றி சொன்னாப் போதும். எனக்கில்ல, அவருக்கு."

விலை பேசியே பழகிய வாய் அது. அதே வாயால், யாருக்கும் கேட்காத குரலில், நன்றி சொல்லிவிட்டு உண்டார்.