சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், மலையடிவாரத்து ஆசிரமக் கோயிலில் சிவலிங்கத்துக்கு மேலே தாராபாத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். செப்புப் பாத்திரம். அடியில் ஒரு துளை, துளையில் செருகிய தர்ப்பைப்புல். அதன் நுனி வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சுவாமியைக் குளிர்விக்கும். சுனையிலிருந்து காலையில் கொண்டுவரும் ஒரு குடம் பொழுது சாயும்வரை வரவேண்டும்.

அன்று அந்தக் காவல் வேதரத்தினத்துக்கு. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். மனைவி கோமளம் போன பிறகு இங்கே வந்து, தையல்நாயகி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தவர். அம்மைக்கு அவரைவிட வயது குறைவுதான். ஆனாலும் அவர் 'அம்மா' என்பார். அம்மை அவரை 'வாத்தியாரே' என்பார்.

காலையிலேயே அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ராத்திரி சாப்பிடலையாமே?" என்றார் அம்மை.

"இறங்கலைம்மா. நேத்து முழுக்க மதில் சுவருக்கு வெள்ளையடிச்சோம். விளக்கு வைக்கிறப்பதான் உறைச்சுது. காலையிலேருந்து கோமளத்தை ஒரு தடவைகூட நெனைக்கலை."

"அதனால என்ன?"

வேதரத்தினம் தயங்கினார். பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவளிடம், 'கன்டினுவஸா உன்னை நெனைச்சிட்டே இருப்பேன்' என்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்படின்னா என்ன என்று அவள் கேட்டாள். திறந்துவிட்ட குழாயில் தண்ணீர் அறுபடாமல் விழுமே, அதுதான் என்றார். விட்டு விட்டு ஒழுகுவதற்கு வேறு வார்த்தை இருக்கிறது என்றும் சொன்னார். சாகப்போகிறவளிடமும் பாடம் நடத்தாமல் அவரால் இருக்க முடியவில்லை. 'சாப்பிடுறப்பவுமா?' என்று கேட்டுச் சிரித்தாள் கோமளம்.

"அறுந்துபோச்சும்மா. இன்னைக்கு ஒரு பகல், நாளைக்கு ஒரு வருஷம். அப்ப நான் அவகிட்ட சொன்னது பொய்தானே?"

"வெயில் ஏறுது. பாத்திரத்தைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மை சுனைப் பக்கம் மலையேறிப் போய்விட்டார்.

வேதரத்தினம் லிங்கத்துக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. யுகம் போன மாதிரி இருந்தது, இன்னொன்று விழுவதற்குள். அந்த நடுவெளியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு வார்த்தையைப் பிடித்தால் அவருக்கு உடும்புப் பிடிதான். எழுந்துபோய்த் தர்ப்பையை உருவிவிட்டார்.

தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. எங்கேயும் அறுபடவில்லை. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. வில்வ மரத்தடியில் சாய்ந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே கண் சொருகியது.

கனவில் கோமளம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கழுநீரை ஊற்ற ஊற்ற, அது கீழே ஓடாமல் வெள்ளை வெள்ளையாக மலைமேல் ஏறிப் போயிற்று. "கோமளம்" என்று கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை, கை வேலையில் இருந்தது. அவருக்கு வருத்தமாக இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

விழித்தபோது சத்தம் நின்றிருந்தது. உச்சி வெயில். பாத்திரத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. யார் வேண்டுமானாலும் தொட்டுப் பூசை செய்கிற கோயில் அது. லிங்கத்தைத் தொட்டார், கை சுட்டது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மை இடுப்பில் குடத்தோடு இறங்கி வந்தார். காலிப் பாத்திரத்தைப் பார்த்தார், கீழே கிடந்த தர்ப்பையைப் பார்த்தார். திட்டவில்லை. தர்ப்பையைத் துளையில் செருகித் தண்ணீர் ஊற்றினார்.

"கல்லுமேல கையை வைங்க, வாத்தியாரே."

வைத்தார். சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மெல்ல மெல்லச் சூடு அடங்கிக் கல் குளிர்ந்தது.

"இப்ப விழுதா?"

"இல்லம்மா. அடுத்தது இன்னும் வரலை."

"கல்லு காஞ்சிருக்கா?"

"ஈரமாத்தான் இருக்கு."

அவர் கையை எடுக்காமலே சொன்னார்.

"கல்லு வேறம்மா. நான் மனுஷன். நேத்து எனக்கு அவ நெனைப்பே இல்லையே."

"நேத்து வெள்ளையடிக்கிறப்ப நடுவுல சமையக்கட்டுக்கு ஓடினீங்களே. எதுக்கு?"

"வடிகஞ்சி வாங்க. சுண்ணாம்புல கஞ்சி ஊத்தினா, சுவர்ல சாயுறவங்க துணியில ஒட்டாது."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"கோமளம்தான்" என்றார் வேதரத்தினம். அடுத்த சொட்டு அவர் கைமேல் விழுந்தது.